ஈடன் ஹசார்ட்: கோல் கணக்கில் வராத ஆட்டம்

2023 அக்டோபர் 10-ஆம் தேதி ஈடன் ஹசார்ட் ஓய்வை அறிவித்தார். வயது 32. அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பேசும் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே வகுத்தல் கணக்கில்தான் போய் முடிகிறது. ரியல் மாட்ரிட் அவருக்காகக் கொடுத்தது சுமார் 100 மில்லியன் யூரோ; மேற்கொண்டு சேரும் தொகைகள் தனி. நான்கு சீசனில் அவர் ஆடியது 76 ஆட்டம், அடித்தது 7 கோல். ஒரு கோலுக்கு 14 மில்லியன் யூரோ. காசு கரியாப் போச்சு, ஆள் சோம்பேறி, வாய்க்கு ருசியா சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கிட்டான். தீர்ப்பு முடிந்தது.

எதிர்த்தரப்பும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் செல்சி ரசிகர்கள். "பாவம்ங்க, காயம். அந்தக் கணுக்கால் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா மெஸ்ஸி, ரொனால்டோ பக்கத்துல நின்னிருப்பாரு" என்பார்கள்.

இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் தரப்பு அவர் களத்தில் என்ன வேலை செய்தார் என்பதைப் பார்க்கவில்லை. இரண்டாவது தரப்பு அந்த வேலைக்கு உடம்பு என்ன விலை கொடுத்தது என்பதைப் பார்க்கவில்லை. காயத்தையும் ஆட்டத்தையும் தனித்தனி விஷயமாக வைத்துப் பேசுகிறார்கள். ஹசார்ட் விஷயத்தில் அவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதுதான் இந்தப் பதிவின் வாதம்.

முதலில் ஓட்டமாக ஒரு வரலாறு

பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதி வலோனியா. அங்கே லா லூவியேர் என்ற ஊரில் 1991 ஜனவரி 7 அன்று பிறந்தார். வளர்ந்தது பிரேன்-லெ-கோம்த் என்ற சின்ன ஊரில். அப்பா, அம்மா இருவருமே கால்பந்து ஆடியவர்கள். ஈடன் வயிற்றில் இருந்தபோதுதான் அம்மா ஆட்டத்தை நிறுத்தினார். தம்பி தோர்கன் பிற்பாடு தேசிய அணியில் அண்ணனோடு சேர்ந்தே ஆடினார். மொத்தத்தில் கால்பந்து அந்த வீட்டின் குடும்பத் தொழில்.

14 வயதில் எல்லையைத் தாண்டி பிரான்சின் லில் கிளப்புக்குப் போனார். 2007 நவம்பரில், 16 வயதில், முதல் அணியில் ஆடிவிட்டார். 2010-11 சீசனில் லில் பிரெஞ்சு லீக்கையும் பிரெஞ்சுக் கோப்பையையும் சேர்த்து வென்றது. 1954-க்குப் பிறகு அந்த கிளப்புக்குக் கிடைத்த முதல் லீக் பட்டம் அது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பிரெஞ்சு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஹசார்ட்தான்.

2012-இல் செல்சி. ஏழு சீசனில் இரண்டு பிரீமியர் லீக் பட்டங்கள், இரண்டு யூரோப்பா லீக், ஒரு எஃப்.ஏ. கோப்பை, ஒரு லீக் கோப்பை. 2014-15-இல் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் சங்கத்தின் சிறந்த வீரர் விருது. 2018 உலகக்கோப்பையில் பெல்ஜியம் மூன்றாம் இடம் பிடித்தபோது அவர்தான் கேப்டன். தொடரின் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் என்று வெள்ளிப் பந்தும் வாங்கினார். 2019 மே மாதம் பாகுவில் நடந்த யூரோப்பா லீக் இறுதிப்போட்டியில் ஆர்சனலுக்கு எதிராக இரண்டு கோல் அடித்துவிட்டு மாட்ரிட்டுக்குக் கிளம்பினார்.

அவர் என்ன வேலை செய்தார்?

ஹசார்டை விங்கர் என்று சொல்வது இடத்தை மட்டும்தான் குறிக்கும். இடது ஓரத்தில் நிற்கும் வலதுகால் ஆட்டக்காரர், அவ்வளவுதான். விங்கர்களில் பல ரகம் உண்டு. கேரத் பேல் நல்ல ஃபார்மில் இருந்தபோது பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடுவார். டிஃபெண்டர் அவரைத் தொடக்கூட முடியாது. ஆர்யென் ராபன் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடதுகாலால் அடிப்பார். இருவருமே டிஃபெண்டரிடமிருந்து விலகி ஓடுகிற ஆட்கள்.

ஹசார்ட் நேர் எதிர். பந்தை வாங்கி நிற்பார். பல சமயம் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். உயரம் குறைவு, இடுப்பும் தொடையும் கனம். டிஃபெண்டர் நெருங்கி வந்து முதுகில் கை வைக்கும் வரைக்கும் காத்திருப்பார். அந்தக் கை வைத்த கணம்தான் அவருக்கு வேண்டியது. எதிராளியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அந்தத் தொடுதலிலேயே தெரிந்துவிடும், மறுபக்கமாகத் திரும்பிவிடுவார். வேகத்தைவிட, எதிராளியை வரவழைத்து அவன் மேலேயே சாய்ந்து திரும்புவதுதான் அவருடைய வித்தை.

இதைப் பார்க்க இரண்டு கோல்கள் போதும். 2017 பிப்ரவரி 4, ஆர்சனலுக்கு எதிராக: நடுக்கோட்டுப் பக்கம் பந்தை வாங்கி ஓடுகிறார். கொக்லான் அவரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார். மோதியதில் கொக்லான்தான் சுழன்று விழுகிறார், ஹசார்ட் ஓடிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் கோல்கீப்பர் செக்கையும் தாண்டிப் பந்து உள்ளே. இன்னொன்று 2019 ஏப்ரல் 8, வெஸ்ட் ஹாமுக்கு எதிராக: ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் நடு வழியாகவே நுழைந்து வெளியே வருகிறார். இரண்டிலும் காலி இடம் தேடி ஓடவில்லை. ஆட்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறார்.

கோல் எண்ணிக்கை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

எண்களை வரிசையாக வைப்போம்.

லில்: 194 ஆட்டம், 50 கோல்.
செல்சி: 352 ஆட்டம், 110 கோல்.
பெல்ஜியம்: 126 ஆட்டம், 33 கோல்.
மாட்ரிட்: 76 ஆட்டம், 7 கோல்.

லில்லிலும் பெல்ஜியத்திலும் ஏறக்குறைய நான்கு ஆட்டத்துக்கு ஒரு கோல். செல்சியில் மூன்று ஆட்டத்துக்குச் சற்றுக் கூடுதல். அவருடைய மிகச்சிறந்த லீக் கோல் கணக்கே 2011-12-இல் லில்லுக்காக அடித்த 20-தான். இங்கிலாந்தில் 16-ஐத் தாண்டியதே இல்லை.

இப்போ மாட்ரிட் எதற்காக ஆள் தேடியது என்று பாருங்கள். 2018-இல் கிறிஸ்டியானோ ரொனால்டோ போய்விட்டார். அவர் அந்த கிளப்புக்காக ஒன்பது சீசனில் 438 ஆட்டத்தில் 450 கோல் அடித்தவர். சீசனுக்குச் சராசரி 50. ஒரு வருஷம் கழித்து ஹசார்ட் வருகிறார், அதே 7-ஆம் எண் சட்டை அவருக்குப் போகிறது. தன் வாழ்நாளில் சீசனுக்கு 20 கோல் தாண்டுவதே அபூர்வமான ஒருவரை 50 கோல் இடத்தில் உட்காரவைத்தார்கள். கால் நன்றாகவே இருந்திருந்தாலும் இந்தக் கணக்கு டேலி ஆகியிருக்காது. அதற்கு ஹசார்டைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

அப்போ கோல் இல்லாமல் அவர் என்னதான் தந்தார்? 2018 ஜூலை 6, கஸான், பிரேசிலுக்கு எதிரான காலிறுதி. பெல்ஜியம் 2-1. முதல் கோல் பெர்னாண்டினோவின் சேம் சைடு கோல். இரண்டாவது லுகாகு கொடுத்து டி ப்ரெய்ன அடித்தது. ஹசார்ட் கணக்கில் கோலும் இல்லை, அசிஸ்டும் இல்லை. ஆனால் அன்று அவர் முயன்ற 10 டிரிபிளும் பலித்தன. பத்துக்குப் பத்து.

இதன் மதிப்பு கடைசி அரைமணி நேரத்தில் தெரியும். பிரேசில் அலை அலையாக ஏறி வருகிறது. இப்படி நெருக்கடியில் இருக்கும் அணி பந்தை எட்டி உதைத்தால் அது பத்து விநாடியில் திரும்பி வந்துவிடும். டிஃபெண்டர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்காது. ஆனால் உதைத்த பந்தை முன்னால் ஒருத்தர் வாங்கி, இரண்டு பேரை முதுகில் தாங்கிக்கொண்டு, ஒரு சுற்று சுற்றி, கடைசியில் ஃபவுலும் வாங்கிக் கொடுத்தால்? மொத்த அணியும் இருபது முப்பது மீட்டர் முன்னால் ஏறி நின்றுகொள்ளும். கடிகாரமும் ஓடும். ஹசார்ட் அன்று திரும்பத் திரும்பச் செய்தது இதைத்தான். கோல் பட்டியலில் இது வராது. எங்கள் துறையில் ஒரு ஆளின் உழைப்பை அவர் எழுதிய கோடு வரிகளை எண்ணி அளப்பார்கள். யாரால் சிஸ்டம் படுக்காமல் நிற்கிறது என்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது. அதே கதைதான் இது.

விலை

ஆனால் இந்த ஆட்டமுறைக்கு ஒரு சிக்கல் உண்டு. எதிராளியை வரவழைப்பதுதான் உத்தி என்றால், அவன் வருவான். பந்துக்குப் பதில் காலில் போடுவான். பிரீமியர் லீக்கில் அதிக ஃபவுல் வாங்கியவர்கள் பட்டியலில் ஹசார்ட் வருஷா வருஷம் முன்வரிசையில் இருந்தார். அதையும் தாங்கிக்கொண்டு 2014-15-இல் லீக்கின் 38 ஆட்டத்திலும் ஆடினார். அந்த ஏழு வருஷத்தில் லீக்கில் 30 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடிய சீசன் ஒன்றுகூட இல்லை. "காயத்தில் படுத்தே கிடந்த ஆள்" என்று இன்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மாட்ரிட் அவரை வாங்கிய நாளில் கணக்கு என்ன? லில்லில் 194, செல்சியில் 352. கூட்டினால் 546 கிளப் ஆட்டங்கள். அதோடு நூறைத் தாண்டிய பெல்ஜியம் ஆட்டங்கள். வயது 28 என்று பாஸ்போர்ட் சொல்லும். ஆனால் 16 வயதிலிருந்து உதை வாங்கிய அறுநூற்றுச் சொச்சம் ஆட்டங்கள் அந்தக் கணுக்காலில் இருந்தன. அது போதாதென்று 2017 ஜூனில் பெல்ஜியம் அணியின் பயிற்சியில் வலது கணுக்கால் ஏற்கெனவே ஒருமுறை உடைந்து அறுவைச் சிகிச்சையும் நடந்திருந்தது.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 2019 நவம்பர் 26, பி.எஸ்.ஜி.க்கு எதிரான ஆட்டம். காலில் இடித்தவர் தாமஸ் மெனியே, பெல்ஜியம் அணியில் அவருடைய சகா. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். 2020 பிப்ரவரி 22-இல் லெவான்டேவுக்கு எதிராக, கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் விரிசல். மார்ச்சில் அமெரிக்காவின் டல்லஸில் அறுவைச் சிகிச்சை. அதன் பிறகு தசைக் காயங்கள் வரிசைகட்டின. 2022 மார்ச்சில் காலில் வைத்திருந்த உலோகத் தகட்டை எடுக்க இன்னொரு அறுவைச் சிகிச்சை. அந்த நான்கு சீசனில் மாட்ரிட் ஆடியது 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அவர் ஆடியது 76. அதிலும் பல, கடைசியில் இறங்கிய சில நிமிடங்கள்தான்.

வேகத்தை நம்பும் விங்கருக்குக் கால் போனால் வேகம் போகும். ஹசார்டுக்குப் போனது வேறு. எதிராளி மேலே சாய்ந்து, ஒற்றைக் காலில் முழு எடையையும் வைத்துத் திரும்புவதுதான் அவர் ஆட்டத்தின் அச்சு. அந்தக் காலின் மேல் நம்பிக்கை போய்விட்டால் முதுகைக் காட்டி நிற்க முடியாது. மாட்ரிட் நாட்களின் ஆட்டங்களைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்: பந்து வந்ததும் ஒரே தொடுதலில் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுகிறார். தப்பான பாஸ் இல்லை, மோசமான ஆட்டமும் இல்லை. ஆனால் வரவழைக்கும் அந்த ஒரு கணம் காணாமல் போயிருந்தது. அது இல்லாத ஹசார்ட், நல்ல பாஸ் கொடுக்கத் தெரிந்த இன்னொரு ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

ஆகவே காயத்தை வெறும் துரதிருஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. எப்போது, யார் காலால் என்பது வேண்டுமானால் தற்செயல். ஆனால் பந்தைத் தன் உடம்பால் மறைத்து வாழ்ந்த ஆட்டத்துக்கு ஒருநாள் பில் வரத்தான் செய்யும். லில்லும் செல்சியும் பெல்ஜியமும் அந்த ஆட்டத்தை அனுபவித்தன. பில் போனது மாட்ரிட்டுக்கு.

அவர் மேல் குற்றமே இல்லையா?

இருக்கிறது. அதை மூடி மறைத்தால் இது விமர்சனம் ஆகாது, ரசிகர் மன்ற நோட்டீஸ் ஆகிவிடும்.

2011 ஜூனில் துருக்கிக்கு எதிரான ஆட்டத்தில் கோச் லீகன்ஸ் அவரை வெளியே எடுத்தார். ஆட்டம் முடிவதற்கு முன்பே மைதானத்துக்கு வெளியே குடும்பத்தோடு பர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 2014-இல் அட்லெடிகோ மாட்ரிட்டிடம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் தோற்றபோது, செல்சி பந்தாட்டம் ஆடுவதற்கான அணியே இல்லை என்கிற தொனியில் பேட்டி கொடுத்தார். தனக்குப் பின்னால் நிற்கும் லெஃப்ட் பேக்குக்காகத் தன்னை வருத்திக்கொண்டு ஓடும் ரகம் இல்லை இவர் என்று மொரீனியோ பகிரங்கமாகவே பதில் சொன்னார். அந்த ஆட்டத்தில் அட்லெடிகோ அடித்த முதல் கோலைப் பாருங்கள், மொரீனியோ சொன்னது புரியும்: ஹசார்ட் பின்தொடரவேண்டிய வான்ஃப்ரான் தனியாக ஓடிவருகிறார். 2015-16-இல் லீக்கில் அவருடைய முதல் கோல் வந்தது ஏப்ரல் மாதத்தில். 2019-இல் மாட்ரிட்டுக்கு வந்து சேரும்போது விடுமுறையில் 5 கிலோ கூடியிருந்தது, அவரே ஒப்புக்கொண்டார்.

இதில் பர்கரும் பேட்டியும் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம் இல்லை. ஓடி வந்து டிஃபெண்ட் செய்யாததும் கோச் சரிக்கட்டக்கூடிய விஷயம்தான். 2016-17-இல் கோன்டே அவருக்குப் பின்னால் மார்கோஸ் அலோன்சோவை விங்-பேக்காக நிறுத்தி, அந்தச் சுமையைப் பெருமளவு எடுத்துவிட்டார், பட்டம் வந்தது. ஆனால் அந்த 5 கிலோ வேறு ரகம். யாருடைய ஆட்டம் உடம்பை அதிகம் செலவழிக்கிறதோ, அவர்தான் உடம்பை அதிகம் கவனித்திருக்க வேண்டும். ஹசார்டிடம் அது தலைகீழாக இருந்தது. அதே மாட்ரிட் அணியில் லூகா மோட்ரிச் இருந்தார். ஹசார்டைவிட ஐந்து வயது மூத்தவர். ஹசார்ட் ஓய்வு அறிவித்த நாளில் 38 வயதில் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் காலில் விழுந்த உதையும் ஒரே அளவு இல்லைதான். ஆனாலும் ஒப்பீடு கண்ணில் படாமல் இருக்காது.

ஆக, குற்றப்பத்திரிகையில் எழுதவேண்டிய வரி "100 மில்லியனுக்கு 7 கோல்" இல்லை. "தன் ஆட்டம் எதைத் தின்று வாழ்கிறது என்று தெரிந்தும் அதைப் பாதுகாக்கவில்லை" என்பதுதான். இந்தக் குற்றச்சாட்டு முன்னதைவிடக் கடுமையானது, நியாயமானதும்கூட. ஆனாலும் அதற்கு மேலே போய் "வீணடித்தார்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"வீணடித்தார்" என்ற சொல்

16 வயதிலிருந்து 28 வயது வரை, பன்னிரண்டு வருஷம். இரண்டு நாடுகளில் லீக் பட்டம், இரண்டிலும் சிறந்த வீரர் விருது, பெல்ஜியம் உலகக்கோப்பையில் அதுவரை தொட்டிராத மூன்றாம் இடம். இதைச் செய்தவர் 25 வயதில் தொடங்கி 37-இல் முடித்திருந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். முன்னாலேயே தொடங்கி முன்னாலேயே முடித்ததால் பாதியில் போனவர் மாதிரித் தெரிகிறார். கடைசி நான்கு வருஷத்தை வைத்து மொத்தத்தையும் அளக்கிறோம், அது கடைசியாக நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக.

இன்னொன்று. வீணடித்தார் என்று சொல்லும்போது யாருடையதை வீணடித்தார் என்ற கேள்வி வருகிறது. திறமை என்பது ரசிகர்களுக்கும் கிளப்புக்கும் பட்ட கடன் மாதிரியும், கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்து கொடுத்தால்தான் கணக்கு நேராகும் என்பது மாதிரியும் பேசுகிறோம். ஹசார்ட் அப்படி நினைக்கவில்லை. 2022 டிசம்பரில் தேசிய அணியை விட்டார். 2023 கோடையில், ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்க, மாட்ரிட்டை விட்டு விலகினார். சில மாதத்தில் ஆட்டத்தையே விட்டார். தன் மனசு சொல்வதைக் கேட்டுச் சரியான நேரத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிற அர்த்தத்தில்தான் அறிவிப்பையும் எழுதியிருந்தார். வேறொரு நாட்டில் பேருக்கு மூன்று வருஷம் ஆடிச் சம்பளம் வாங்கும் வழி பலரும் போனதுதான். அவர் போகவில்லை.

இவரை இளைய தலைமுறைக்கு யாராவது அறிமுகப்படுத்தினால், கோல்களைத் தொகுத்த ஐந்து நிமிட வீடியோவைக் காட்டவேண்டாம். அதில் அவர் இன்னொரு நல்ல விங்கர் போலத்தான் தெரிவார். பெல்ஜியம்–பிரேசில் ஆட்டத்தின் இரண்டாம் பாதியை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, 10-ஆம் எண் சட்டை பந்தை வாங்கிய பிறகு பின்னால் உள்ள பெல்ஜியம் டிஃபெண்டர்கள் எவ்வளவு தூரம் மேலே ஏறுகிறார்கள் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் செய்த வேலை அந்தத் தூரத்தில் இருக்கிறது.